நான் அழுத்தி வைத்த நான்கு புத்தகங்கள்

திருவனந்தபுரத்தில் பெண்களுக்கான ஒரு சிறிய தொழிற்பயிற்சிக் கூடத்தில் நான் புத்தகம் பைண்டு செய்யச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. தட்டச்சு வகுப்புக்குச் சிபாரிசுக் கடிதத்தோடு வருவார்கள். தையல் வகுப்புக்கு வாசல்வரை வரிசை நிற்கும். இரண்டிலும் இடம் கிடைக்காதவர்கள் என்னிடம் வருவார்கள். பன்னிரண்டு இடத்தில் ஒன்பது நிரம்பினால் அந்த வருஷம் எனக்குத் தீபாவளி.

எனக்கு முன்கோபம் உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது.

வீடு வலியசாலை அக்கிரகாரத்தில். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரப் பசையைத்தான் அப்போது புத்தகத்தின் முதுகுக்குப் பூசுவோம். அந்த வாடை புடவையில் ஏறினால் மூன்று துவையலுக்குப் போகாது. சாயங்காலம் நான் வாசற்படி ஏறும்போதே அம்மா குரல் கொடுப்பாள்.

"அந்தக் கையோட அடுக்களைக்குள்ள காலை வைக்காதேடி. கிணத்தடிக்குப் போ முதல்ல. ஊர்ல எத்தனையோ உத்தியோகம் இருக்கு, நோக்குன்னு வந்து வாய்ச்சுதே பார்!"

"ஆமாம், உத்தியோகம் எல்லாம் கியூவில நின்னுண்டிருக்கு, நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கிணற்றடிக்குப் போவேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். நான் கட்டின புத்தகத்தை மேசைமேல் வைத்தால் அது பலகைபோலப் படிந்து உட்காரும். எங்கேயும் உப்பாது, வாய் பிளக்காது. அந்த ஊரில் அப்படி ஒரு கட்டு கட்ட நாலைந்து பேர்தான் உண்டு என்று நானே நினைத்துக்கொள்வேன்.

வகுப்பு தற்காலிகமானது. வருஷா வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வரும், இன்னும் ஒரு வருஷம் நடத்திக்கொள்ளலாம் என்று. வாங்கிக்கொண்டு மறுபடி மூச்சு விடுவோம். அந்த வருஷம் வந்த தாளில் வேறு மாதிரி இருந்தது. ஓர் அதிகாரி நேரில் வந்து வகுப்பைப் பார்ப்பார். வெளியில் ஏதாவது ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்து கொடுத்து, அவர்கள் திருப்தி என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் வகுப்பு நிரந்தரம். இல்லாவிட்டால் அந்த வருஷத்தோடு பூட்டு.

பிரின்சிபல் ஒரு மலையாளி அம்மாள், நல்ல மனுஷி. "வெளி வேலை எங்கேருந்தாவது கொண்டு வா, இல்லேங்கில் நம்ம ரண்டு பேரும் கையைக் கட்டி இருக்கணும்" என்றார்.

அந்த வேலை தானாகவே நடந்து வந்தது. ஒரு நாள் காலை, கையில் கோலோடு, தோளில் கனத்த துணிப்பையோடு ஓர் அம்மாள் வகுப்பு வாசலில் நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பார்வை இல்லாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் ஆசிரியை. சின்ன வயதில் வைசூரியில் அவருக்கும் கண் போய்விட்டது. ஊர் மார்த்தாண்டம் பக்கம், அந்தத் தெற்குத் தமிழைத்தான் பேசினார். இரண்டு பஸ் மாறித் தனியாக வந்திருந்தார்.

பையிலிருந்து நான்கு பெரிய புத்தகங்களை எடுத்து வைத்தார். பத்தாம் வகுப்புச் சரித்திரப் பாடம், பிரெயில் எழுத்தில். அச்சடித்து வந்தது இல்லை. இரும்புச் சட்டத்தில் கெட்டித்தாளை மாட்டி, மொட்டை ஊசியால் ஒவ்வொரு புள்ளியாக அவரே குத்தி எழுதியது. ஒன்றரை வருஷம் ஆயிற்றாம். வேறு பிரதி கிடையாது. பிள்ளைகள் புரட்டிப் புரட்டித் தையல் விட்டுப்போய், தாள் தாளாக வந்துகொண்டிருந்தது.

"இத நல்லாக் கட்டித் தரணும் டீச்சர். பொறவு இன்னொரு காரியமும் உண்டு" என்றார்.

இன்னொரு காரியம் இதுதான். அவர் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடிக்கும் இரண்டு பெண்கள். மேலே படிக்க வைக்க வீட்டில் வழி இல்லை. திரும்பிப் போனால் ஒரு மூலையில் உட்கார வேண்டியதுதான். அவர்களை என் வகுப்பில் சேர்த்துக்கொள்ள முடியுமா?

நான் பிரின்சிபலிடம் ஓடினேன். அவர் யோசித்துவிட்டு, "தற்காலிக வகுப்புக்கு அட்மிஷன் ரூல்ஸே இல்லியே. வேண்டாம்னு சொல்ல ஆரு இருக்கா? வகுப்பு நிலைச்சால் ஜூன்ல சேர்த்துக்கோ" என்றார். ஆக எல்லாம் ஒரே முடிச்சில் வந்து நின்றது. அதிகாரி வகுப்பை வைத்துக்கொள்ளச் சொன்னால் எனக்கு வேலை, அந்த இரண்டு பெண்களுக்கு ஒரு தொழில். இல்லையென்றால் எங்கள் மூன்று பேருக்கும் வீடு.

ஒரு சனிக்கிழமை அந்தப் பெண்களை டீச்சர், நானும் அவரை அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தேன், அழைத்து வந்தார். நான் தையல் சட்டத்தின் முன்னால் உட்காரவைத்து, ஊசி போகும் வழியை இரண்டு தடவை விரலைப் பிடித்துக் காட்டினேன். மூன்றாம் தடவை அவர்களே தைத்தார்கள். அதில் குட்டையாக இருந்தவள் மற்றொருத்தி தைத்து வைத்திருந்த கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு தையல் விட்டுப்போயிருக்கே" என்றாள். விட்டுத்தான் போயிருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டிருந்த எனக்கே தெரியவில்லை.

"பாத்தீங்களா டீச்சர்!" என்று உற்சாகத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

டீச்சர் சிரித்தார். "பாத்தேன் பாத்தேன். நீங்க நாக்க விட்டுருங்க, பாவம்."

அவர்கள் போனபின் புத்தகங்களை எடுத்துவைத்தேன். இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

தையலைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு முகம் சுளித்தது. முதுகுப் பக்கம் ஒல்லி, திறக்கும் பக்கம் பருமன். மழையில் நனைந்து காய்ந்த புத்தகம் இப்படித்தான் வீங்கும். தாள்கள் மடங்கி, முனை சுருண்டு, ஒன்றோடொன்று படியாமல் கிடந்தன. புத்தகம் வீங்கியிருந்தால் என்ன செய்வது என்று கை தானாகவே அறியும். ஈரத்துணியால் ஒவ்வொரு தாளையும் ஒற்றி, சுருக்கம் இளகியதும் பலகைகளுக்கு நடுவே வைத்து, புத்தகம் அழுத்தும் பிரஸ்ஸின் திருகைக் கடைசிவரை முறுக்க வேண்டும். பத்து வருஷம் அதைத்தான் செய்திருக்கிறேன், சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் புள்ளிகள்தான் எழுத்து என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எழுத்து என்றால் எனக்குக் கண்ணால் காண்பது. புள்ளி அந்த இடத்தில் தெரிந்தால் எழுத்து அங்கே இருக்கிறது. மை அமுங்கினால் எழுத்து போய்விடுமா என்ன?

வகுப்பில் ஒரு பெண், காட்டாக்கடையிலிருந்து வருகிறவள், வாயே திறக்காதவள். பிரஸ் பக்கத்தில் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டாள்: "டீச்சரே, இத முறுக்கினா அந்தக் குத்தெல்லாம் அமுங்கிப்போகாதா?"

"புஸ்தகம் வீங்கிக் கிடக்கு. வீக்கத்தை அமுக்காம மடியில போட்டுத் தாலாட்டச் சொல்றியா? வந்து நாலு மாசம் ஆகல, நீ எனக்குச் சொல்லித்தர வந்துட்டே!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு பசை கலக்கப் போய்விட்டாள். அந்தப் பெண்ணிடம் நான் பின்னால் மன்னிப்புக் கேட்டேன். கேட்டு என்ன?

மூன்று நாள் பிரஸ்ஸில் இருந்தன. எடுத்தபோது ஒவ்வொன்றும் பாதியாகக் குறைந்திருந்தது. தாள்கள் இஸ்திரி போட்டதுபோல் இருந்தன. புதுத் தையல் போட்டு, முதுகை வளைத்து, ஆரியசாலைக் கடைகளில் தேடி வாங்கின கருநீலக் காலிகோத் துணியை ஒட்டி, நான்கையும் அடுக்கிவைத்தேன். என் வாழ்நாளில் நான் கட்டின நல்ல கட்டு அவைதான். பிரின்சிபல் எடுத்துப் பார்த்து, "கண்ணு பட்டுடும்" என்றார்.

அதிகாரி வந்த நாள் டீச்சரையும் வரச் சொல்லியிருந்தோம். திருப்திக் கடிதத்தைப் பிரின்சிபல் முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருந்தார், கையெழுத்துதான் பாக்கி. அதிகாரி பெண்களின் வேலையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்கு நீலப் புத்தகங்களிடம் வந்ததும் நின்றுவிட்டார். ஒன்றை எடுத்துத் திறந்து மூடினார். முதுகைத் தடவினார்.

"இது ஃபஸ்ட் கிளாஸ் வேலையல்லோ" என்றார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "டீச்சருக்குத் திருப்தி ஆயோ?" என்று கேட்டு, புத்தகத்தை அவர் கையில் கொடுத்தார்.

டீச்சர் மடியில் வைத்து, முதலில் எடையைப் பார்த்தார். அட்டையைத் தடவினார், முதுகைத் தடவினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பாராட்டுக்காக. புத்தகத்தைத் திறந்து, இரண்டு கை விரல்களையும் முதல் வரியில் வைத்தார். விரல் வரியின் கடைசிவரை போயிற்று. திரும்ப வரியின் தொடக்கத்துக்கு வந்தது. மறுபடி போயிற்று. அடுத்த பக்கம். நடுவில் ஒரு பக்கம். கடைசிப் பக்கம். அங்கேயே விரல்கள் கொஞ்ச நேரம் நின்றன.

"என்னா, டீச்சரே?" என்றார் அதிகாரி.

"சார், இவங்க வகுப்பு நிலைக்குமா?"

"அது டீச்சர் சொல்றதப் பொறுத்து இரிக்கும்" என்று அவர் சிரித்தார்.

டீச்சர் புத்தகத்தை மூடினார். "கொள்ளாம் சார். ரொம்ப நல்ல வேலை" என்றார். பிரின்சிபல் விரலைப் பிடித்துக் காட்டிய இடத்தில் தன் பெயரைப் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக் கையெழுத்திட்டார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதிகாரி போனதும் புத்தகப் பையை நானே தூக்கிக்கொண்டு டீச்சரைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவிடப் போனேன். வழியெல்லாம் நான்தான் பேசினேன். காலிகோ எங்கே வாங்கினேன், முதுகை எப்படி வளைத்தேன், இன்னும் இருபது வருஷத்துக்கு அசையாது. நிறுத்தத்தில் நின்றதும் அவர் சொன்னார்:

"டீச்சர், இந்த புக்குல இப்ப ஒண்ணுமில்ல."

எனக்குச் சுருக்கென்றது. "என்ன சொல்றேள்? ஒரு தாள்கூட விட்டுப்போகல. ஒவ்வொரு தாளா எண்ணி, வரிசை பார்த்து..."

"தாளு எல்லாம் இருக்கு."

"புள்ளியும் இருக்கு. நான் பார்த்தேனே!"

"நீங்க பாத்தீங்க" என்றார் அவர். பிறகு என் கையைத் தேடிப் பிடித்து, பையிலிருந்து தன் சொந்த நோட்டு ஒன்றை எடுத்து என் விரலை அதில் வைத்தார். கேழ்வரகு பரப்பின தட்டைத் தொட்டதுபோல் இருந்தது. அடுத்து நான் கட்டின புத்தகத்தில் வைத்தார். மேசைப்பலகையைத் தொட்டேன். வேறொன்றும் இல்லை.

நடுரோட்டில் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே பாழுங்கிணற்றில் விழுந்தேன் என்பார்களே, நான் விழவில்லை, அவருடைய ஒன்றரை வருஷத்தைத் தூக்கிப் போட்டேன்.

"அங்கேயே சொல்லியிருக்கலாமே டீச்சர். ஏன் நன்னாருக்குன்னு சொன்னேள்?"

"கொள்ளாதுன்னு சொன்னா வகுப்பு போவும். வகுப்பு போனா எனக்க ரெண்டு பிள்ளையளும் எங்க போவும்? புக்க நான் திரும்பக் குத்திக்கிடுவேன். பிள்ளையளுக்க சீவிதத்தத் திரும்பக் குத்த முடியுமா?" என்றார். குரல் உயரவே இல்லை. "கண்ணத் துடைங்க. பஸ்ஸு வருதா சொல்லுங்க, அது என்னால ஆவாது."

அடுத்த சனிக்கிழமையிலிருந்து நான் அவர் பள்ளிக்குப் போக ஆரம்பித்தேன். அச்சுப் புத்தகத்தை நான் வாசிப்பேன், அவர் குத்துவார். முதல் நாள் நான் வாசித்த வேகத்துக்கு, "ரெயிலப் பிடிக்கவா போறீங்க? பைய, பைய" என்றார். அரை வரி வாசித்து நிறுத்த வேண்டும். ஊசி வலமிருந்து இடமாகப் போகும். தாளைப் புரட்டினால்தான் எழுத்து மேடாக வரும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் இடவலம் மாற்றி நினைத்துக் குத்த வேண்டும். ஒரு மத்தியானத்தில் நாலு பக்கம் ஆனால் பெரிசு. அவர் நடுவிரலில் ஊசிக்கட்டை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போயிருந்தது.  அவர் ஒரு நாளும் குத்திக்காட்டவில்லை. ஜூன் மாதத்தைப் பற்றித்தான் பேசுவார். பிள்ளைகளுக்கு எந்த பஸ் வசதி, சாப்பாட்டுக்கு என்ன செய்வது, கத்தரிக்கும் கத்தியை அவர்கள் கையில் எப்படிக் கொடுப்பது என்று.

மே மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. வகுப்பு நிரந்தரம். என் வேலையும் நிரந்தரம். அம்மா பால் பாயசம் வைத்து, அன்றைக்கு மட்டும் கிணற்றடிக்குப் போகச் சொல்லாமல் உள்ளே விட்டாள்.

மறுநாள் பிரின்சிபல் அந்த உத்தரவின் இரண்டாம் பக்கத்தைக் காட்டினார். வகுப்பு நிரந்தரமாகிவிட்டதால், மற்றத் தொழில்களுக்கு உள்ள சேர்க்கை விதிகள் இதற்கும் உண்டு. வயது, படிப்பு, பிறகு அரசாங்க டாக்டரின் சான்றிதழ். பார்வை குறையில்லை என்று.

"தற்காலிகமா இருந்தப்ப நம்மள ஆரும் திரும்பிப் பார்க்கல. இப்ப பார்க்க ஆரம்பிச்சாச்சு" என்றார் பிரின்சிபல்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. விலக்குக் கேட்டு எழுதினோம். அந்தப் பெண்கள் தைத்த தையலைச் சொன்னோம், விட்டுப்போன தையலை விரலால் கண்டுபிடித்ததைச் சொன்னோம். மூன்று வாரத்தில் பதில் கேள்வியாக வந்தது. கண் தெரிந்தவர்களும் இதையெல்லாம் செய்வார்களே? பார்வை உள்ளவர் அறியாத, பார்வை இல்லாதவர் மட்டுமே அறிந்த எந்த விஷயம் இந்தத் தொழிலில் இருக்கிறது? பயிற்றுநர் தம் அனுபவத்திலிருந்து தெளிவாக ஒரு காரணம் எழுதவும்.

பயிற்றுநர் நான்தான். காரணம் என்னிடம் இருந்தது. இதைவிடத் தெளிவான காரணம் அந்த இலாகாவில் எவரிடமும் இருந்திருக்காது. என் வகுப்பில் அன்றைக்குப் பார்வை இல்லாத ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், அந்த நான்கு புத்தகங்களும் பிரஸ்ஸுக்குப் போயிருக்காது. முதல் தாளை ஒற்றி எடுத்தபோதே அவள் தொட்டுப் பார்த்துக் கூச்சல் போட்டிருப்பாள். இதை எழுதினால் போதும்.

எழுதினால், அதிகாரி ஃபஸ்ட் கிளாஸ் என்று மெச்சிய வேலை பாழ் வேலை என்றாகும். திருப்திக் கடிதம் பொய்யாகும். அதை நம்பிக் கொடுத்த நிரந்தரம் என்னாகும்? டீச்சரின் கையெழுத்தைக் காப்பாற்றத்தான் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சமாதானம். பிரின்சிபல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவருக்கு எதுவும் தெரியாது. நான் பேனாவை எடுத்து, பார்வை இல்லாதவர்களுக்குப் பொறுமை அதிகம், கவனம் சிதறாது, ஆகவே தையலுக்கு ஏற்றவர்கள் என்று எழுதினேன். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வாக்கியம். அவர்களும் அதை அப்படியே தள்ளிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் இன்னும் முதல் புத்தகத்தில்தான் இருந்தோம். டீச்சர் தாளை மாட்டிக்கொண்டே கேட்டார்: "மறுபடி கடுதாசி வந்துதா?"

"வந்துது டீச்சர். முடியாதுன்னுட்டா."

"காரணம் கேட்டாங்கன்னு சொன்னீங்களே. நீங்க என்ன எழுதினீங்க?"

சொன்னேன். பொறுமை, கவனம், தையல்.

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "வேற ஒண்ணும் எழுதல்லியா?"

"இல்ல டீச்சர்."



"நான் அண்ணைக்குப் பொய் சொன்னது எனக்க பிள்ளையளுக்கு வேண்டி" என்றார் அவர். "நீங்க அத உங்களுக்கு எடுத்துக்கிட்டீங்க."

   அவர் ஊசியை எடுத்துக்கொண்டு, "வாசிங்க" என்றார். வகுப்பில் ஒருத்தியைக்கூடப் பேசவிடாத அந்த வாயால் வாசித்தேன். மீதியையும் வாசித்து முடித்தேன், நாலாவது புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரைக்கும். அந்தப் புத்தகங்களைக் கட்ட அவர் என்னிடம் கொடுக்கவில்லை. அந்த இரண்டு பெண்களும் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். குட்டையானவள் ஒரு தடவை ஆள் மூலம் விசாரித்தாளாம், அடுத்த ஜூனிலாவது இடம் கிட்டுமா என்று.

நிரந்தரமான வகுப்பு அதன்பிறகு பத்து வருஷத்துக்குள் தேய்ந்துபோனது. ஒன்பது பேர் ஆறானார்கள், ஆறு மூன்றானது. அச்சகங்களில் தைக்காமலே ஒட்டும் மெஷின் வந்துவிட்டது. எண்பதுகளில் ஒரு வருஷம் வகுப்பை மூடுவதற்கென்று மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது, இந்தத் தொழிலைக் கற்க விருப்பமுள்ளவர் எவரும் இல்லை என்று பயிற்றுநர் உறுதி கூறவும் என்று. அந்த வருஷமும் டீச்சரின் பள்ளியில் பெண்கள் பத்தாம் வகுப்பு முடித்து வெளியே வந்திருந்தார்கள். அவர்களில் இதைக் கற்க ஆசைப்பட்டவர்கள் எத்தனை பேர் என்றுகூட எனக்குத் தெரியும், போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தேன்.

எவரும் இல்லை என்று நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.